தாம்பாளம் போல் கடல்

“நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையிலான குமரிக் கடலோரத்தில் தூண்டில் போடும் அன்பர்களுக்கும், படகு செலுத்தும் பெருமக்களுக்கும், கரையில் நின்று வேடிக்கை பார்க்கும் பொதுஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: வரும் இரு விடுமுறை தினங்களிலும் நமது கடலானது துடைத்து வைத்த தாம்பாளம் போல் இருக்கும். காற்று வடகிழக்கிலிருந்து வரும். வந்த சுவடு தெரியாமல் போகும். அலைகள் தத்தம் இடத்தில் இருந்து கொள்ளும். லைஃப் ஜாக்கெட், விசில், குடிதண்ணீர், தொப்பி, வாந்தி மாத்திரை ஆகியவற்றை மறவற்க. இப்படிக்கு, பகவதியப்பன், கோட்டாறு.”

இப்படி ஒரு பிரகடனத்தை விடுத்தது அரசாங்கத்து வானிலை மையம் என்று யாரும் மயங்க வேண்டாம். கோட்டாற்றில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற ஒரு கடையின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பகவதியப்பன் என்ற தனிமனிதர் தம் கைபேசியிடம் சொன்னது இது. வெள்ளிக்கிழமைதோறும் மாலை மங்குகிற வேளையில் சொல்வார். சொல்வதற்கு முன் தொண்டையைச் செருமுவார். செருமலும் பதிவில் இருக்கும். அது இல்லாவிட்டால் அறிவிப்புக்குக் கனம் வராது என்பது அவர் கட்சி.

கேட்பவர்கள் ‘குமரி தூண்டில் குடும்பம்’ என்ற வாட்ஸாப் குழுவினர். வங்கிக்காரர்கள், வாத்தியார்கள், இன்சூரன்ஸ் முகவர்கள், வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, வாரக் கடைசியில் பாறையிலும் படகிலும் உட்காரப் போகிறவர்கள். ஆளுயரத் தூண்டிலும் சிங்கப்பூர் ரீலும் கொண்டுபோய், திரும்பும் வழியில் சந்தையில் மீன் வாங்கி வீட்டுக்கு வருவார்கள்.

பகவதியப்பனிடம் கருவிகளும் உண்டு. நான்கு தேங்காய்ச் சிரட்டைகளைக் குறுக்குக் கம்பியில் பொருத்திச் செய்த காற்றாடி ஒன்று மாடிக் குழாயில் சுற்றும், அல்லது சுற்றாது. கைபேசியில் மூன்று செயலிகள். மூன்றும் மூன்று விதமாகச் சொன்னால் நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்வார். அதற்கு விஞ்ஞானம் என்று பெயர். கடலோடு அவருக்கு நேரடிப் பழக்கம் ஒரே ஒரு தடவைதான். கன்னியாகுமரியில் பாறைக்குப் போகும் படகில் ஏறி, கயிற்றை அவிழ்க்கும் முன்பே வாந்தி எடுத்தார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது.

கடையை மகன் முருகதாஸிடம் ஒப்படைத்த பிறகு அவருக்கு மிச்சமிருந்த ஒரே கிழமை வெள்ளி. மற்ற ஆறும் ஒன்றுபோல விடிந்து ஒன்றுபோல அடையும்.

இந்தத் தடவை அறிவிப்பில் ஒரு விசேஷம் இருந்தது. கேட்டவர்களில் அவருடைய மருமகனும் ஒருவன். ராஜகுமார், துபாயில் வேலை, மகள் சபிதாவைக் கட்டி வருடம் திரும்பவில்லை, ஒரு மாத லீவில் வந்திருந்தான். சொந்த ஊர் திற்பரப்பு. நீச்சல் தெரியும் என்று சொல்லியிருந்தான். அருவிக்கரையில் வளர்ந்தவனுக்குத் தலையில் தண்ணீர் விழுந்தால் நிற்கத் தெரியும். அது நீச்சலில் சேருமா என்று பகவதியப்பனுக்குச் சந்தேகம் வந்ததுண்டு. பெண் கொடுத்த இடத்தில் இதையெல்லாம் கேட்க முடியாது.

மார்த்தாண்டத்துக்காரன் ஷாஜன் ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கி, குழுவில் படமும் போட்டு, மணக்குடிக் காயலில் கட்டிப் போட்டிருந்தான். அதில் நாலு பேராய் விடியுமுன் கிளம்பி, காயல் கடலில் சேரும் பொழிமுகம் வழியாக உள்ளே போய்த் தூண்டில் போட்டுவிட்டு, ஒன்பது மணிக்குள் திரும்புவதாகத் திட்டம்.

முந்தின நாள் சாப்பிடும்போது ராஜகுமார் கேட்டான். “மாமா, தைரியமாப் போலாம்லா?”

“நான் சொன்னா சொன்னதுதான் மாப்ள. கண்ணை மூடிக்கிட்டுப் போங்க.”

“நீங்களும் கூடப் போறியளாப்பா?” என்றாள் சபிதா, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

“நான் போயிட்டா இங்க இருந்து கண்காணிக்கது யாரு?”

அவர் மனைவி முத்துக்கனி சிரிப்பை மறைக்க ரசத்தை எடுக்கப் போனாள்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறியபோது பகவதியப்பன் கண்காணித்துக்கொண்டிருந்தார். வீடு அமைதியாக இருந்தது. முத்துக்கனி இருட்டோடு சாமித்தோப்புக்குக் கும்பிடப் போய்விட்டாள். மாதத்தில் ஒரு நாள் போவாள். வானத்தில் ஒரு பஞ்சுத் துணுக்குகூட இல்லை. சிரட்டைக் காற்றாடி கால்வாசி சுற்றி யோசித்து நின்றது. சொன்னது சொன்னபடி நடக்கிறபோது மனிதனுக்கு அதை யாராவது ஒருவர் வாயால் கேட்க வேண்டும். மணக்குடியில் மீன் வியாபாரம் செய்யும் ஆன்ட்ரூஸை அழைத்தார். நெடுநாளாகக் கடையில் கயிறு வாங்குகிறவன்.

“ஆன்ட்ரூசே, கடல் எப்பிடி?”

“கடல் கெடந்த எடத்துலதான் கெடக்கு அண்ணாச்சி.”

“வள்ளம் எல்லாம் போயாச்சா? இன்னைக்கு நல்ல மீன்கோளுலா?”

“வள்ளமா? ஒண்ணும் போகேல. எல்லாம் கரையிலதான் ஏறிக் கெடக்கு.”

“ஒண்ணு கூடவா?”

“ஒண்ணு கூட எறங்காது இன்னைக்கு. ஏன் அண்ணாச்சி, மீனு வேணுமா? கெடைக்காதே.”

பின்னால் மணி அடிக்கிற சத்தம் கேட்டது. விடாமல் அடித்தது.

“அது என்ன மணி?”

“கோயில் மணி. சனம் பூரா அங்க போயாச்சு, நான்தான் மிச்சம். பொறவு பேசுகேன் அண்ணாச்சி, நேரமாயிட்டு.” வைத்துவிட்டான்.

பகவதியப்பன் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நேரமாயிட்டு. எதற்கு?

ஒரு வள்ளமும் இறங்கவில்லை. கடலிலேயே பிறந்து கடலிலேயே சம்பாதிக்கிறவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் கரையில் இருக்கிறார்கள். ஊர் முழுக்கக் கோயிலில் நிற்கிறது. மணி அடிக்கிறது. அவர் ஒருவர் மட்டும், சிரட்டையை நம்பி, பெற்ற மகளின் புருஷனை உள்ளே அனுப்பியிருக்கிறார்.

அப்போதுதான் அந்த வார்த்தை அவர் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. கள்ளக்கடல். காற்று இருக்காது, மழை இருக்காது, மேகம் இருக்காது. எங்கோ ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் அடித்த புயலின் அலை, சத்தம் காட்டாமல் நடந்து வந்து, கரைக்கு அருகில் திடீரென்று எழும்பும். வெளுத்த வானம்தான் அதற்கு அடையாளம். அண்ணாந்து பார்த்தார். வானம் வெளுத்திருந்தது. அவ்வளவு வெளுப்பை அவர் ஆயுளில் பார்த்ததில்லை.

ராஜகுமாரை அழைத்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண்குரல் சாந்தமாகச் சொன்னது. ஷாஜனை அழைத்தார். அதே பெண், அதே சாந்தம். எல்லைக்கு வெளியே என்றால் எவ்வளவு வெளியே என்று அவளிடம் கேட்க வழியில்லை.

குழுவில் எச்சரிக்கை விடலாம் என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். ‘அவசரம். கடல் ஆபத்தாக உள்ளது.’ இரண்டு நாள் முன்னால் தாம்பாளம் என்று சொன்னவர் யார் என்று அத்தனை பேரும் கேட்பார்கள். அழித்தார். ‘கடல் சற்றே மாறக்கூடும்.’ சற்றே என்றால் யார் பயப்படுவார்கள்? அழித்தார். ‘நமது கடல் அமைதியாக இருக்கும். எனினும் அமைதியாக இல்லாமலும் இருக்கலாம்.’ இதைப் படித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் பாதுகாப்பாக இருந்தது. ஆனால் கடலுக்குள் இருப்பவர்களுக்குக் குழு எங்கே தெரியப் போகிறது? அதையும் அழித்தார்.

“என்னப்பா, மூஞ்சி வெளிறிக் கெடக்கு?”

சபிதா தேநீரோடு படியேறி வந்திருந்தாள்.

“வெயிலு.”

“வெயிலுக்குக் கறுக்கத்தான செய்யும்?” அவள் தம்ளரைத் தொட்டியின் மேல் வைத்தாள். “அவிய போன் எடுத்தாவளா?”

“கடலுக்குள்ள டவர் கெடைக்காதுட்டி.”

“அப்பம் நீங்க அடிச்சுப் பாத்திருக்கிய.”

பிடிபட்டார். “சும்ம, மீன் சிக்கிச்சான்னு கேக்கலாம்னு.” சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். “மணக்குடி வரைக்கும் ஒரு வேலை இருக்கு. ஆட்டோ பிடிச்சுப் போயிட்டு வாரேன்.”

படியடியில் ஆணியில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று தொங்கியது. லைஃப் ஜாக்கெட். தம் கடையிலிருந்தே அவர் எடுத்துக் கொடுத்தது, விலைச்சீட்டுகூடக் கழற்றவில்லை. புழுக்கமாக இருக்கும் என்று ராஜகுமார் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு போகச் சொன்னது அவர்தானே? மூடிக்கொண்டு போய்விட்டான்.

சபிதா அதைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். ஜாக்கெட்டை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

பின்னால் உட்கார்ந்து போனவருக்குக் கோட்டாறு பிடிக்காத மாதிரி இருந்தது. கம்போளச் சந்தையின் கடைகளில் பாதி மூடிக் கிடந்தன. எல்லாருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது என்று நினைத்தார். தெங்கம்புதூர்ப் பக்கம் வெள்ளை உடுத்து, வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கி, குடும்பம் குடும்பமாகச் சனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். குழந்தைகளைக்கூடக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஒக்கி புயல் அடித்த வருடம் இப்படித்தான் கோயில் கோயிலாகக் கூட்டம் நின்றது. சுவரில் ஒட்டியிருந்த படங்களை அவர் பார்த்திருக்கிறார். இளம் பையன்கள், கல்யாணத்துக்கு எடுத்த படங்கள்.

சட்டைப் பையில் கைபேசி அடித்தது. திற்பரப்பிலிருந்து சம்பந்தி அம்மாள்.

“அண்ணாச்சி, பிள்ளை போன் எடுக்க மாட்டேங்கான். மீன் பிடிக்கப் போறேன்னு சொன்னான். நீங்கதான் பயப்பட ஒண்ணும் இல்லன்னு சொன்னியளாமே?”

“ஒண்ணும் இல்ல அம்மா. கடல் தாம்பாளம் மாதிரி.” குரல் தாம்பாளம் தரையில் விழுந்த மாதிரி அதிர்ந்தது. “வண்டியில போறேன், பொறவு பேசுகேன்.”

சபிதா வண்டியை ஒரு குளத்தங்கரையில் நிறுத்தினாள். திரும்பவில்லை. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

“முழுசாச் சொல்லுங்க.”

“ஒரு வள்ளமும் கடலுக்குப் போகேலயாம்ட்டி.”

“ஏன் போகேல?”

“கடல்காரனுக்குத் தெரியும். நமக்கு எங்க தெரியும்?”

வெள்ளிக்கிழமை அறிவிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவர் சொன்ன ஒரே முழு உண்மை அது. சபிதா வண்டியைக் கிளப்பினாள். அதன் பிறகு பள்ளம் மேடு எதற்கும் அவள் வேகம் குறைக்கவில்லை.

மணக்குடிக் கரையில் வள்ளங்கள் வரிசையாக ஏறிக் கிடந்தன. வலைகளை மூடிப் போட்டிருந்தார்கள். ஒரு நாய் வள்ளத்தின் நிழலில் தூங்கியது. மனிதர் என்று யாரும் இல்லை. கடல், அவர் சொன்னபடியே, துடைத்து வைத்த தாம்பாளம். அவருக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கொஞ்சம் கொந்தளித்தால்கூட நிம்மதியாக இருக்கும் போலிருந்தது. விளிம்பு வரை ஒரு புள்ளி இல்லை.

கோயிலிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. பகவதியப்பன் மணலில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். கோயில் நிறைந்து முற்றம் வரை ஆட்கள் நின்றார்கள். பக்கவாசலில் ஆன்ட்ரூஸ், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

“எத்தன பேரு?”

“என்னது அண்ணாச்சி?”

“கடல்ல எத்தன பேரு மாட்டிக்கிட்டாவ?”

“யாரு மாட்டிக்கிட்டா?”

“பின்ன எதுக்குடே ஊரே கோயில்ல நிக்கு?”

“பூசைக்கு.”

“பின்ன எதுக்கு ஒரு வள்ளமும் எறங்கேல?”

ஆன்ட்ரூஸ் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தான். சுகமில்லாதவரிடம் பேசுகிற குரலில் சொன்னான்:

“அண்ணாச்சி, இன்னைக்கு ஞாயித்துக்கெழமலா. ஞாயித்துக்கெழம நாங்க கடலுக்குப் போவ மாட்டோம். எங்க அப்பன் காலத்துலயும் போகேல, அவருக்க அப்பன் காலத்துலயும் போகேல.”

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் குனிந்துகொண்டார்கள். தோள்கள் குலுங்கின.

பகவதியப்பனுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. மூடிய கடைகள். வேதப்புத்தகங்கள். முத்துக்கனி, மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் அவள் சாமித்தோப்புக்குப் போவது அவருக்குத் தெரியாத விஷயமா? கோட்டாற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் மணக்குடி. இத்தனை வருடமாகச் சனிக்கும் ஞாயிறுக்கும் கடல் நிலவரம் சொல்லி வந்தவருக்கு, ஞாயிறன்று அந்தக் கடலில் ஆள் இருக்குமா இருக்காதா என்ற நிலவரம் தெரிந்திருக்கவில்லை.

அவமானம்தான். ஆனால் அதன் அடியில் இனிப்பாக நிம்மதி ஊறியது. பூசை முடிந்து ஆன்ட்ரூஸ் அவர்களைத் தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போனான். கூட வந்தவர்களுக்கெல்லாம் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பகவதியப்பனும் சிரித்தார். இதை எப்படிக் கொஞ்சம் மாற்றிச் சொல்லலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

சபிதாவின் தம்ளரில் தேநீர் ஆடை கட்டியது.

“ஒம்பதுக்குள்ள வந்துருவேன்னாவ,” என்றாள். மணி பத்தைத் தாண்டிவிட்டிருந்தது.

“வருவாவ மக்ளே,” என்றான் ஆன்ட்ரூஸ். “மீன் கடிச்சா எழும்பி வர மனசு வராது. கடல்ல ஒண்ணும் இல்ல, நீ பேடிக்காத.”

“கடல்ல ஒண்ணும் இல்லதான். வள்ளமும் இல்லலா?”

ஆன்ட்ரூஸின் சிரிப்பு முகத்திலேயே நின்றது.

“மத்த நாளுன்னா,” என்றாள் அவள், “ஏதாவது ஒண்ணு ஆனா துணியை வீசிக் காட்டுனா யாராவது வருவாவ. இன்னைக்கு வீசுனா யாரு பாக்க?”

கடைக்காரர் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

பகவதியப்பன் கடலைப் பார்த்தார். வள்ளம் நிறைந்த கடலைத்தான் அவர் எப்போதும் மனதில் வைத்திருந்தார். நாட்காட்டிப் படத்தில் இருப்பதுபோல. வருடக்கணக்காக வெள்ளி மாலைகளில், செருமிச் செருமி, அவர் ஆட்களை அனுப்பி வைத்தது யாருமே இல்லாத கடலுக்கு. அதோடு இன்னொன்றும் அவருக்கு உறைத்தது. வடகிழக்குக் காற்று. வந்த சுவடு தெரியாமல் போகும் காற்று. அது மணக்குடியில் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். ஓடாத படகு ஒன்று அதில் அகப்பட்டால், அலுங்காமல் குலுங்காமல், தொட்டிலை ஆட்டுவதுபோல, உள்ளே உள்ளே கொண்டுபோய்விடும். முதுகில் காற்று பட்டது. சட்டை லேசாகக் கடல் பக்கம் ஆடியது. அறிவிப்பு எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருந்தது.

“காத்து எந்தப் பக்கம் ஆன்ட்ரூசே?” என்று தெரிந்துகொண்டே கேட்டார்.

“அங்கோட்டு,” என்று கடலைக் காட்டினான் ஆன்ட்ரூஸ். தம்ளரை வைத்துவிட்டு எழுந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததில் சத்தம் அதிகம் இல்லை. கோயில் முற்றத்தில் நாலைந்து பேர் கூடி நின்று பேசினார்கள். ஞாயிறன்று வள்ளம் இறக்கக் கூடாது என்பது அந்த ஊரின் ஏற்பாடு. அதை மீறத் தயங்கி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தூண்டில்காரப் பயலுவ. போவாண்டாம்னு சொன்னா கேக்கவா செய்யாவ?” என்றார் ஒரு பெரியவர்.

“இப்பம் திட்டவா நேரம்?” என்றாள் ஒரு பெண். “அந்தப் பிள்ளைக்க மொகத்தைப் பாருங்க.”

பூசை வைத்த சாமியார் அங்கியைக் கழற்றக்கூட இல்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, “போங்க, போங்க,” என்று கையை மட்டும் அசைத்தார்.

ஆண்கள் வெள்ளைச் சட்டைகளைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மனைவிகளிடம் கொடுத்தார்கள். ஒரு வள்ளத்தை நெட்டித் தள்ளினார்கள். ஆன்ட்ரூஸ் திரும்பி, “ஷாஜனுக்க படகை அடையாளம் தெரிஞ்ச ஆளு யாரு?” என்றான்.

சபிதா முன்னால் வந்தாள்.

“நான் போறேன்,” என்றார் பகவதியப்பன்.

“உங்களுக்கு முடியாதுப்பா.”

“அனுப்புனது நான்லாட்டி.”

அவள் கையில் மாட்டியிருந்த ஜாக்கெட்டைக் கழற்றி அவர் தலைவழியாகப் போட்டு, குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோலப் பட்டைகளை இறுக்கினாள். விலைச்சீட்டு அவர் தாடையில் உரசியது. “வெறுங்கையோட வராதியப்பா,” என்று அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

வள்ளம் முதல் அலையைத் தாண்டுமுன் பகவதியப்பன் வாந்தி எடுத்தார். அது அலை என்று சொல்வதற்குக்கூட லாயக்கற்றது. பிறகு மறுபடி எடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். எஞ்சின் சத்தத்தில் கரை சிறுத்துக்கொண்டே போனது. தென்னைகள் கோடாயின. சபிதா ஒரு புள்ளியானாள், பிறகு இல்லாமல் போனாள்.

கடல் பெரிதாக இருந்தது. அவருடைய செயலிகளில் அது உள்ளங்கை அகலம்தான். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பளபளப்பு, அதே ஒன்றுமின்மை. ஒவ்வொரு மினுக்கமும் படகுபோலத் தெரிந்து படகில்லாமல் போனது. ஒரு மிதவை. ஒரு தெர்மாகோல் பெட்டி. தலைபோல ஏதோ ஒன்று. அதை நெருங்குகிற வரைக்கும் அவர் மூச்சு விடவில்லை. தேங்காய். சம்பந்தி அம்மாளுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தார். வார்த்தை வரவில்லை. செருமல்கூட வரவில்லை. சாமித்தோப்பில் முத்துக்கனி இந்நேரம் யாருக்காக வேண்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது கண் எரிந்தது. வெயில்தான் காரணம் என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

வெகுதூரம் போன பிறகு ஆன்ட்ரூஸ் கையைத் தூக்கினான். எஞ்சினைத் தணித்தார்கள்.

“அண்ணாச்சி, அங்க பாருங்க. நீலமா, பச்சையா உங்க ஆளுக்க படகு?”

“நீலம். வெள்ளை வரி போட்டிருக்கும்.”

நீலம்தான். தூண்டில் கம்பில் ஒரு சட்டையைக் கட்டி யாரோ ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பகவதியப்பன் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றுதான். மறுபடி எண்ணினார். மூன்று. அவருடைய விரல்கள் ஜாக்கெட்டின் பட்டையைப் பிடித்தன, விட்டன. வள்ளம் இன்னும் நெருங்கியபோது படகின் அடியில் தொப்பியால் முகத்தை மூடிச் சுருண்டு கிடந்த உருவம் ஒன்று எழுந்து உட்கார்ந்தது.

“மாமா!” என்றான் ராஜகுமார். உதடு வெடித்து, மூக்கு சிவந்து போயிருந்தது. “நீங்களா? கடல்லயா?”

பகவதியப்பன் பதிலுக்கு வாந்தி எடுத்தார்.

கயிற்றைக் கட்டி இழுத்து வந்தார்கள். கயிறு அவர் கடைக் கயிறு; அதை அப்போது கவனிக்கும் நிலையில் அவர் இல்லை. வழியில் ஆன்ட்ரூஸ், “என்னடே ஆச்சு?” என்று கேட்டதற்கு ஷாஜன், “எஞ்சின் நின்னுட்டு அண்ணே,” என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினான். ஆன்ட்ரூஸ் எட்டி எஞ்சினைப் பார்த்தான், ஷாஜனைப் பார்த்தான், வாயைத் திறந்து மூடிக்கொண்டான். கரையில் சபிதா தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி நின்றாள். ராஜகுமார் இறங்கியதும் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அந்த இடத்திலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தில் குமரி தூண்டில் குடும்பம் பாராட்டு விழா வைத்தது. பகவதியப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மயிலாடிச் சிற்பிகளிடம் சொல்லிக் கல்லிலேயே அலை செதுக்கிய கேடயம் ஒன்று கொடுத்தார்கள்; இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. ‘கடலின் மௌனத்தை வாசித்தவர்’ என்று அதில் வெட்டியிருந்தது. ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், படகை நிறுத்தியது ஆழ்கடல் நீரோட்டம் என்றார். இன்சூரன்ஸ் முகவர் ஒருவர் அது கள்ளக்கடலின் முன்னறிகுறி என்றார். இந்தியப் பெருங்கடலின் வெப்பநிலை உயர்வைப் பற்றியும் ஒருவர் பேசினார்; அவர் பேசும்போது படம் போட்டுக் காட்டினார்கள்.

முன்வரிசையில் ஆன்ட்ரூஸ் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சபிதா ஷாஜனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாஜன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியாகப் பகவதியப்பன் ஒலிபெருக்கி முன் வந்தார். செருமினார்.

“அன்றைய தினம் ஒரு வள்ளம்கூடக் கடலில் இறங்கவில்லை என்ற செய்தி எனக்குக் கிடைத்த மாத்திரத்தில், ஏதோ நடக்கப் போகிறது என்று என் உள்மனம் சொல்லிற்று…”

கைதட்டல் அடங்க நேரமானது.

படகில் பெட்ரோல் தீர்ந்துபோயிருந்தது.